ஊசிக்கு ஒரு கிழமை

ஜூன் 16, திங்கள்

புதிய பருவம் தொடங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்கே ஓர் அறைக்கு இரண்டு வகுப்புகள் வந்து நின்றன. தான்தான் முதலில் வந்ததாக இயற்பியல்காரர் சொல்கிறார். அட்டவணையில் தன் பெயர்தான் இருப்பதாக வணிகவியல் அம்மா சொல்கிறார். இருவருக்கும் நடுவில் நான். நான் கணிதம் சொல்லித்தருகிறவள் என்பது இங்கே யாருக்கும் நினைவில்லை. இருபத்தாறு வருடமாகக் கால அட்டவணை போடுகிறவள் என்பதுதான் நினைவிருக்கிறது. மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் டைம்டேபிள்தான்.

இதையெல்லாம் எழுதுவது வேறொன்றைத் தள்ளிப்போடத்தான். சரி, எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ரத்தம் பொருந்துகிறது. மற்றப் பரிசோதனைகளும் சரி. சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. எடைதான் இடிக்கிறது. தொண்ணூற்று மூன்று கிலோ நானூறு கிராம். எண்பதுக்குக் கீழே வந்தால்தான் என் சிறுநீரகம் ஒன்றை எடுத்துத் தம்பிக்கு வைப்பார்களாம். இந்த எடையில் கத்தி வைத்தால் எனக்கு ஆபத்தாம்.

மூன்று வருடமாக அவன் டயாலிசிஸில் இருக்கிறான். நான் ஐந்து வருடமாக நாளை முதல் உணவைக் குறைக்கிறேன்.

ஜூன் 18, புதன்

எடையைக் குறைக்க ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி. பேனா மாதிரி இருக்கிறது. நானே போட்டுக்கொள்ளலாம். பசி அடங்கும், தட்டு சின்னதாகும், எடை மெதுவாக இறங்கும். சிலருக்கு முதல் இரண்டு நாள் குமட்டும். சின்ன அளவில் தொடங்கி மாதாமாதம் கூட்டுவார்களாம்.

ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "கிழமை ஒண்ணு முடிவு பண்ணிக்கோங்க. எந்தக் கிழமையா இருந்தாலும் சரி, அதுல நில்லுங்க. தவறிப்போச்சுன்னா எனக்கு போன் பண்ணுங்க, நீங்களா முடிவெடுக்காதீங்க."

என்னிடம் போய் அட்டவணை போடச் சொல்கிறார். உள்ளூரச் சிரித்துக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒரு தாளில் கோடு போட்டு உட்கார்ந்தேன். திங்கள் துறைக் கூட்டம், அங்கே குமட்டினால் கூட்டத்தால் என்று நினைப்பார்கள். செவ்வாய் ஐந்து மணிநேரம் வகுப்பு, முடியாது. வெள்ளி போட்டால் ஞாயிறு வரை இழுக்கும். ஞாயிறு மதியம் தம்பி குடும்பத்தோடு சாப்பிட வருகிற நாள். நான் தனிக்கட்டை. வாரத்தில் அந்த ஒரு வேளைதான் மேசையைச் சுற்றி ஆள் இருக்கும். அன்றைக்கும் வாயைக் கட்டச் சொன்னால் எப்படி? வெள்ளியும் சனியும் ஞாயிறும் அடிபட்டன.

வியாழனும் ஆகாது, மறுநாள் முழுக்க வகுப்பு. புதன்தான் மிச்சம். புதன் எங்களுக்கு நாள் மூன்று. அன்று எனக்கு இரண்டு வகுப்புதான். நாள் நான்கில் மதியம் ஒரு வகுப்பு, அவ்வளவுதான். குமட்ட வசதியான இடைவெளி.

எங்கள் கல்லூரி கிழமையில் ஓடுவதில்லை. டே ஆர்டரில் ஓடுகிறது. நாள் ஒன்று முதல் நாள் ஆறு வரை. நடுவில் விடுமுறை வந்தால் வரிசை அங்கேயே நிற்கும், கல்லூரி திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கல்லூரி அட்டவணையோடு என் போன் இணைந்திருக்கிறது. நாள் மூன்று என்ற கட்டத்தில் "ஊசி, மாலை 4.30" என்று சேர்த்துவிட்டேன். மணி தானாக அடிக்கும். டாக்டரம்மாவுக்குப் புதன் என்று செய்தி அனுப்பினேன்.

ஜூன் 25, புதன்

போட்டுக்கொண்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆயிரம் தடவை யோசித்துவிட்டு. கண்ணைத் திறந்தால் எப்போதோ முடிந்திருக்கிறது. எறும்பு கடித்த அளவுகூட இல்லை.

ஜூன் 26, வியாழன்

குமட்டல். ரொட்டி ஒன்று, அதிலும் பாதி. டாக்டரம்மா வாக்குத் தவறாதவர்.

ஜூலை 20, ஞாயிறு

தம்பி, தம்பி மனைவி, மகள் மூவரும் வந்தார்கள். வழக்கம்போலச் சமைத்தேன், வழக்கம்போல எனக்குப் பரிமாறிக்கொண்டேன், நான்காவது வாயில் போதும் என்றிருந்தது. ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் யாரோ உள்ளே விளக்கை அணைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. சாப்பிடாமல் சும்மா உட்கார்ந்திருந்ததால் இன்று முதல்முறையாக அவன் தட்டைப் பார்த்தேன்.

அவனுக்கென்று காய்களை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து வைப்பேன். உப்பு கிடையாது. தக்காளி கிடையாது. பழத்தில் ஒரு துண்டு. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் நாங்கள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட, எதிரே உட்கார்ந்து அந்தச் சக்கையைத் தின்றுவிட்டு "இன்னிக்குப் பிரமாதம்க்கா" என்று எழுந்திருக்கிறான். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மக்கு நான்.

தம்பி மனைவி பாத்திரம் துலக்கும்போது சொன்னாள். முதலில் அவளே கொடுக்க நினைத்தாள், ரத்தம் பொருந்தவில்லை. நான் கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகு அவன் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லையாம். "அக்கா எனக்காகத் தன்னை அறுத்துக்கணுமா"ன்னு ஒரே புலம்பல் அண்ணி, என்றாள். என்னிடம் வந்தபோது மட்டும், கொடுப்பதென்றால் நல்லதாகப் பார்த்துக் கொடு, ஓட்டை உடைசலைத் தள்ளிவிடாதே என்றான். திருட்டுப்பயல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

செவ்வாய் கல்லூரி விடுமுறை. ஆகவே நாள் மூன்று இன்றைக்கு நகர்ந்தது, ஊசியும் கூடவே நகர்ந்தது. வகுப்புக்கும் குமட்டலுக்கும் மோதல் இல்லை. என் ஏற்பாட்டை நானே மெச்சிக்கொள்கிறேன்.

எடை 88.9.

செப்டம்பர் 12, வெள்ளி

மழையால் நேற்றிலிருந்து கல்லூரி மூடியிருக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். டே ஆர்டர் நாள் இரண்டோடு நிற்கிறது. ஊசி நேற்றைக்கு வந்திருக்க வேண்டியது, வரவில்லை. போன மாதம் அளவைக் கூட்டியதிலிருந்து குமட்டல் அதிகம். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். போர்வைக்குள் சுருண்டுகொண்டு ஒரு பொட்டலம் பிஸ்கட்டில் முக்கால் பங்கு தின்றேன்.

மாலையில் தம்பிக்கு போன் செய்தேன். பின்னால் பீப் பீப் என்று சத்தம். டயாலிசிஸ் கூடத்தில் இருக்கிறான்! இந்த மழையில் எப்படிப் போனாய் என்றால், பேருந்து இல்லை என்று காலை பதினொரு மணிக்கே நடக்க ஆரம்பித்தானாம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மேம்பாலத்தின் மேலாக, நான்கு மணிநேரம். வழியில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று காவலாளி இவனை அடையாளம் கண்டு கூப்பிட, லிஃப்டை மேல் மாடிக்கு ஏற்றி மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக் என்றால் இவன் மாதிரி இருக்க வேண்டும்.

ஒரு நாள் தள்ளிப்போட முடியாதா என்று கேட்டேன். "மெஷினுக்கு லீவு கிடையாதுக்கா. ஒரு தடவை விட்டா நெஞ்சுல தண்ணி ஏறிடும்." சாதாரணமாகச் சொன்னான், கடைக்குப் போய் வந்த மாதிரி.

திங்கள், புதன், வெள்ளி. மூன்று வருடத்தில் ஒன்றைக்கூட விட்டதில்லை. மற்ற நாள்களில் வேலை. அவனை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. போனை வைத்துவிட்டு மீதிக் கால்பங்கையும் தின்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

உள்தேர்வு நடக்கிறது. தேர்வு நாள்களுக்கு டே ஆர்டர் கிடையாது. கேள்வித்தாள், மேற்பார்வை, வராதவர்களுக்கு மறுதேர்வு. பசி திரும்பி வந்துவிட்டது. தேர்வுப் பதற்றமாக இருக்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வகுப்புகள் தொடங்கின. நாள் மூன்று. நாலரைக்கு மணி அடித்தது, போட்டுக்கொண்டேன். அதே அளவு.

செப்டம்பர் 25, வியாழன்

முடியல. தண்ணி குடிச்சாலும் வெளிய வருது. எத்தனை தடவைன்னு எண்ணிக்கூட பார்க்கல. கண்ணு இருட்டுது. சனிக்கிழமை டெஸ்ட் வேற —

செப்டம்பர் 27, சனி

எழுதிவிட வேண்டும்.

இன்று தானம் கொடுப்பவர்களுக்கான அடுத்த கட்டப் பரிசோதனை. எங்களைக் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண், பச்சைச் சட்டமிட்ட கண்ணாடி போடுவார். மனதுக்குள் அவருக்குப் பச்சைக் கண்ணாடி என்றே பெயர். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். சிறுநீரகத்துக்கான எண் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. என்னம்மா பண்ணினீங்க என்றார்.

சொன்னேன். டே ஆர்டரைப் பற்றி, மழையைப் பற்றி, தேர்வைப் பற்றி. அவர் ஒரு தாளில் தேதிகளை எழுதிக் கூட்டினார். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் பத்தொன்பது நாள். அதன்பின் பெரிய அளவை அப்படியே போட்டிருக்கிறேன். வாந்தியில் உடம்பில் தண்ணீரே இல்லை, அது சிறுநீரகத்தை அடித்திருக்கிறது. சலைன் ஏற்றினார்கள். "மறுபடி சரியாகலாம். சரியாகலைன்னா நீங்க இந்தப் பட்டியல்லயே இல்ல" என்றார் பச்சைக் கண்ணாடி. அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்கு என்னதான் ஆச்சு? கணக்கு வாத்திச்சிக்கு ஏழு வரைக்கும் எண்ணத் தெரியலையா? தெரியாமல் நடந்தது என்று எழுதப் பார்க்கிறேன், கை வரவில்லை. தெரியும். ஊசி நின்றபோது எனக்குச் சுகமாக இருந்தது. அட்டவணைமேல் பழியைப் போட்டுவிட்டு பிஸ்கட் தின்றேன். அவன் செருப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு நடந்த அதே வாரத்துல. அவனுக்குக் கொடுக்க வேண்டியதை நானே கெடுத்து வெச்சிட்டு வந்து நிக்கிறேன்.

அவனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

செப்டம்பர் 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன். நேற்று மருத்துவமனை என்று தெரிந்ததால் காலையிலேயே தனியாக வந்து நின்றான். ஒன்றும் மறைக்கவில்லை. பிஸ்கட்டைக்கூட.

முழுதும் கேட்டான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான், கண்ணில் நீர் வர. நாள் இரண்டிலேயே நின்றுவிட்டதா, நல்லவேளை என் மெஷினுக்கு நீ அட்டவணை போடவில்லை என்கிறான்.

நான் அழுதுவிட்டேன். அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினான்.

"அக்கா, இங்க பாரு. உன் கிட்னி எனக்கு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. ஆனா உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்தக் கதவைப் போய்த் தட்டுவேன்?"

பிறகு எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தான். உப்புப் போட்டான். எவ்வளவு போட வேண்டும் என்று மறந்துபோயிருக்கிறது, ஒரே கரிப்பு. முழுதும் குடித்தேன்.

அக்டோபர் 1, புதன்

டாக்டரம்மா மீண்டும் சின்ன அளவிலிருந்து தொடங்கச் சொன்னார். இந்தத் தடவை கிழமையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. மாலையில் தம்பி சொன்னான், வெள்ளிக்கிழமை நாலரைக்கு டயாலிசிஸ் கூடத்துக்கு வா, எனக்குக் குத்தும்போது நீயும் குத்திக்கொள் என்று. ஞாயிறு சாப்பாடு என்ன ஆவது என்று கேட்க வாயெடுத்தேன். அவன் தட்டு நினைவுக்கு வந்தது. சரி என்றுவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

முதன்முறையாக அவனுக்கு ஊசி குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதுவரை கூடத்துக்கு வெளியே காத்திருந்துவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டு ஊசிகள். ஒவ்வொன்றும் ஆணி பருமன். கையில் மேடு தட்டிப்போயிருக்கும் அதே இடத்தில், வாரத்துக்கு மூன்று தடவை. நர்ஸ் குத்தும்போது அவன் அவரிடம், அவர் வீட்டுக் கட்டடத்து லிஃப்ட் கதவு இன்னும் முனகுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஒரு இமை அசையவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "ம், உன் பெரிய ஆபரேஷனை ஆரம்பி" என்றான். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டேன், கண்ணை மூடாமல்.

பக்கத்துப் படுக்கைக்கு இன்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். முதல் நாள் போலிருக்கிறது. மெஷின் கத்தும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டு எழப் பார்க்கிறார், நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. தம்பி படுத்தபடியே அவரிடம் பேச்சுக் கொடுத்தான்.

"பயப்படாதீங்க சார். நான் லிஃப்ட் மெக்கானிக். சத்தம் போடற மெஷின் நல்ல மெஷின், எதுவா இருந்தாலும் வாய் விட்டுச் சொல்லிடும். சத்தமே இல்லாம நிக்குது பாருங்க, அப்பதான் ஆளைக் கூப்பிடணும்."

அவர் தலையைத் தலையணையில் சாய்த்தார். நான்கு மணிநேரமும் இவன் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசி அரை மணியில் இவன் காலில் தசை பிடித்துக்கொண்டது. வலியில் முகம் வெளுத்துவிட்டது. அப்போதும் குரலை மாற்றாமல் அவரிடம் பேசுகிறான். கால்மாட்டில் நின்று நான்தான் பிடித்துவிட்டேன்.

இவனை நான் தோளில் தூக்கி வளர்த்தேன் என்று எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். இப்போது பெருமை வேறு பக்கத்திலிருந்து வருகிறது.

அக்டோபர் 25, சனி

சிறுநீரக எண் இறங்கிவிட்டது. பழைய இடத்துக்கே. பச்சைக் கண்ணாடி தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மருத்துவமனைப் படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

எடை 86.2. நிகழ்வு ஏதுமில்லை. அவனுக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

டிசம்பர் 26, வெள்ளி

பருவ விடுமுறை. கல்லூரிக்குப் பூட்டு. நாலரைக்குக் கூடத்தில் இருந்தேன். தபால்காரர் எனக்கு நாற்காலி பிடித்து வைத்திருந்தார். இப்போது அவர்தான் புதிதாக வருகிறவர்களுக்கு மெஷின் சத்தங்களுக்கு விளக்கம் சொல்கிறார். பாதி தப்பு. தம்பி திருத்துவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஒரே பாத்திரத்தில்தான் காய். அவனுக்கு வேகவைப்பதையே நானும் தின்கிறேன். ஒரு வாய்க்கு மேல் பிரமாதம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவனால் எப்படி முடிந்தது?

ஜனவரி 16, வெள்ளி

82.3. கடைசி இரண்டு கிலோ நகரமாட்டேன் என்கிறது. தினமும் சாயங்காலம் கல்லூரி மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன். டைம்டேபிள் மெலிந்துவிட்டது என்று மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள், காதில் விழுகிறது.

பிப்ரவரி 7, சனி

79.6.

பச்சைக் கண்ணாடி என்னை இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். 79.6. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன், கைக்கடிகாரத்தையும் கழற்றியிருந்தேன். அதற்குச் சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். தேதி கொடுத்துவிட்டார்கள். மார்ச் 11. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டுமாம், ஊசி போட்டால் சாப்பாடு வயிற்றிலேயே தங்குமாம், அதனால் ஊசியை இனி நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா.

தம்பிக்குப் போனில் சொன்னேன். மறுபக்கம் சத்தமே இல்லை. என்னடா, ஆளைக் கூப்பிடணுமா என்று கேட்டேன். "இரு, இரு" என்றான். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

எனக்கு ஊசி இல்லை. இருந்தாலும் நாலரைக்குப் போனேன். அவனுக்குக் குத்தும்போது பக்கத்தில் ஆள் வேண்டாமா?

மார்ச் 10, செவ்வாய்

மருத்துவமனை. அவன் மூன்றாவது மாடி, நான் நான்காவது மாடி. இங்கே லிஃப்ட் ஆடுகிறது என்று மாலையில் வந்து குறை சொல்லிவிட்டுப் போனான். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். மூன்று வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. எனக்கும் இருக்கிறது என்றேன்.

மார்ச் 14, சனி

இடது விலா வலிக்கிறது. ஒரு வரி போதும். அவனுக்கு வேலை செய்கிறது.

மார்ச் 27, வெள்ளி

பக்கவாட்டுத் தையல் பிரித்தாயிற்று. சின்னச் சின்ன வேலை செய்யலாம் என்கிறார்கள். அவனும் முந்தாநாள் தன் வீட்டுக்குப் போய்விட்டான். தொற்று வரக்கூடாதென்று யாரும் போய்ப் பார்க்க முடியாது, போன்தான்.

மதியம் முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாலரை ஆனதும் அழைத்தேன். நெடுநேரம் கழித்து எடுத்தான். தூக்கத்திலிருந்து எழுந்த குரல். சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டானாம்.

இன்னிக்கு என்ன கிழமைடா என்று கேட்டேன்.

யோசித்தான். மகளைக் கூப்பிட்டுக் கேட்கப் போனான், அவள் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

"தெரியலையேக்கா. ஏன், எதுக்கு?"

சும்மாதான், நீ தூங்கு என்று சொல்லி வைத்துவிட்டேன்.